தாய் தந்த சிறுநீரகத்தையும் உடல் எதிர்ப்பது ஏன்?

“பெற்ற தாயின் சிறுநீரகத்தைத்தானே பொருத்தியிருக்கிறீர்கள்? பிறகு எதற்கு வாழ்நாள் முழுவதும் மாத்திரை?” மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் மறுபரிசோதனைக்கு வரும் குடும்பத்தினர் பலர் எங்களிடம் இவ்வாறு கேட்பதுண்டு. விடை, நம் இரத்தத்தில் உலவும் வெள்ளையணுக்களிடம் இருக்கிறது.

நம் உயிரணுக்களின் மேற்பரப்பில் எச்.எல்.ஏ. எனப்படும் அடையாளப் புரதங்கள் உள்ளன. இவற்றில் ஒரு பாதி தாய்வழியாகவும் மறுபாதி தந்தைவழியாகவும் வருகின்றன. ஆகவே தாயின் சிறுநீரகத்திலும் மகனின் உடல் அறியாத அடையாளங்கள் உண்டு. 1954இல் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் மர்ரே குழுவினர் செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று, ஒரே கருவில் உருவான இரட்டையருக்கிடையே நடந்தது. அடையாளங்கள் ஒன்றாகவே இருந்தமையால் எதிர்ப்பு எழவில்லை. மற்றவர்களுக்கு இச்சிகிச்சை பரவலாகக் கைகூடியது, எதிர்ப்பைத் தணிக்கும் மருந்துகள் வந்த பின்னரே. நம் மாநிலத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1971இல் நடந்ததே இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றாகக் கருதப்படுகிறது.

புதிய அடையாளத்தை முதலில் இனங்காண்பவை ‘டி’ அணுக்கள். அவற்றுள் ஒரு பிரிவு ஏனைய அணுக்களைத் தூண்டுகிறது; மற்றொரு பிரிவு சிறுநீரகத் திசுவினுள் புகுந்து தாக்குகிறது. ‘பி’ அணுக்களோ எதிர்ப்புரதங்களை உண்டாக்குகின்றன. அவை சிறுநீரகத்தின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சிதைக்கின்றன. முன்பு இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களிடமும் கருவுற்ற பெண்களிடமும் இத்தகைய எதிர்ப்புரதங்கள் ஏற்கெனவே இருக்கக்கூடும். அறுவை சிகிச்சைக்கு முன் குறுக்குப் பொருத்தப் பரிசோதனை செய்வது இதற்காகவே.

டாக்ரோலிமஸ், ‘டி’ அணுக்கள் விழித்தெழுவதைத் தடுக்கிறது. மைக்கோபினோலேட் அவை பெருகுவதைத் தடுக்கிறது. பிரெட்னிசோலோன் அழற்சியைத் தணிக்கிறது. இவை அணுக்களை அடக்கிவைக்கின்றனவே தவிர, அந்த அடையாளத்தை மறக்கச் செய்வதில்லை. பத்து ஆண்டுகள் நலமாக இருந்தவரும் மருந்தை நிறுத்தினால் எதிர்ப்பு மீண்டும் தலைதூக்கும்.

எதிர்ப்பின் தொடக்கத்தில் பெரும்பாலும் வலியும் இராது, காய்ச்சலும் இராது. இரத்தத்தில் கிரியாட்டினின் உயர்வதே பல வேளைகளில் முதல் அறிகுறி. திசுவைச் சிறிதளவு எடுத்துப் பார்க்கும் பயாப்சி அதனை உறுதிசெய்யும். உரிய காலத்தில் கண்டறிந்தால், பலருக்கு மருந்தினாலேயே சிறுநீரகத்தைக் காக்க இயலும். எனவே, உடல் நன்றாக இருக்கிறது என்று எண்ணிப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

மண்டைக்காட்டுக் கொடைக்கோ கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கோ வெளியூர் உறவினர் வீட்டுக்கோ செல்லும்போது, தேவைக்கு மேல் சில நாள்களுக்கான மாத்திரைகளையும் எடுத்துச் செல்லுங்கள். டாக்ரோலிமஸ் அளவு பார்க்கும் நாளில், இரத்தம் கொடுத்த பின்னரே காலை மாத்திரையை உட்கொள்ளுங்கள். பம்பளிமாசு பழத்தைத் தவிர்த்துவிடுங்கள். அது மருந்தின் அளவை மாற்றக்கூடும். வலி மாத்திரை, நாட்டு மருந்து எதுவாயினும் எங்களைக் கேட்காமல் உட்கொள்ள வேண்டாம். சிறுநீர் குறைந்தாலோ கால் வீங்கினாலோ, வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் மருந்து தங்காமற்போனாலோ, அடுத்த மறுபரிசோதனை நாள் வரை காத்திராமல் அன்றே வாருங்கள்.