கியர் டைட்டா விழுதா? கியர்பாக்ஸைப் பிரிக்கும் முன் இந்த 5 டெஸ்ட் பண்ணுங்க!

‘கியர் டைட்டா இருக்கா? கியர்பாக்ஸ் போச்சு, இறக்கிப் பிரிச்சுடலாம்!’ பழைய டீசல் இன்னோவா, எர்டிகா வைத்திருப்பவர்கள் அதிகம் பயப்படும் டயலாக் இதுதான். ஆனால், பல நேரங்களில் குற்றவாளி கியர்பாக்ஸ் இல்லை, கிளட்ச்!

மாருதி 2020 ஏப்ரலில், பிஎஸ்-6 வந்தபோது டீசல் இன்ஜின்களையே நிறுத்திவிட்டது. அதனால், செகண்ட் ஹேண்டில் கிடைக்கும் எந்த டீசல் எர்டிகாவும் அதற்கு முந்தையதுதான். 2005-ல் வந்த முதல் தலைமுறை இன்னோவாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வயசான வண்டியில் கியர் டைட் ஆவது சகஜம். அதுக்காக அப்படியே ஓட்டாதீங்க. மலைப்பாதையில் இறங்கும்போது மூன்றிலிருந்து இரண்டுக்கு கியர் விழவில்லை என்றால், ஏழு பேர் பாரமும் பிரேக் மேலதான். பிரேக் சூடேறினால் பிடிப்பு குறையும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டுக்கொண்டு ஆரம்பிக்கலாம்.

1. மேட்டைப் பாருங்க

சிரிக்காதீங்க! கிளட்ச் பெடலுக்கு அடியில் மடங்கிக் கிடக்கும் ஃப்ளோர் மேட், பெடலை முழுசா அமுங்க விடாது. பெடல் முழுசா போகலைன்னா கியர் மல்லுக்கட்டும். மேட்டை எடுத்துவிட்டு ஒருமுறை போட்டுப் பாருங்கள். செலவு பூஜ்யம்.

2. இன்ஜினை ஆஃப் பண்ணுங்க

இதுதான் முக்கியமான டெஸ்ட். இன்ஜினை அணைத்து, கிளட்ச்சை மிதித்து எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். பிறகு இன்ஜினை ஆன் செய்து, ஃபுட் பிரேக்கை அழுத்தியபடியே அதையே செய்யுங்கள்.

ஆஃபில் ஈஸி, ஆனில் டைட் என்றால், கிளட்ச் இன்ஜினை முழுசா விடுவிக்கவில்லை என்று அர்த்தம். இரண்டிலும் டைட் என்றால் கியர் லீவர் இணைப்பு, கேபிள் அல்லது கியர்பாக்ஸின் உள்ளே பிரச்னை. எர்டிகா போன்ற முன்சக்கர டிரைவ் வண்டிகளில் லீவரிலிருந்து கியர்பாக்ஸுக்கு கேபிள்தான் போகும். அது துருப்பிடித்தாலோ, முனையில் இருக்கும் புஷ் தேய்ந்தாலோ லீவர் இறுகும்.

3. பெடலை பம்ப் பண்ணுங்க

இன்ஜின் ஓடும்போது கிளட்ச்சை இரண்டு, மூன்று முறை வேகமாக மிதித்துவிட்டு கியர் போடுங்கள. இப்போ ஸ்மூத்தா விழுதா? அப்படின்னா ஹைட்ராலிக் லைனில் காற்று புகுந்திருக்கலாம். மாஸ்டர் அல்லது ஸ்லேவ் சிலிண்டர் லீக் ஆகலாம். ஃப்ளூயிட் அளவைப் பாருங்கள். பெடலுக்கு மேலே, ஃபயர்வால் பக்கம் ஈரமாக இருந்தால் மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகப்படலாம். கிளட்ச்சில் ஊற்றுவதும் பிரேக் ஃப்ளூயிட்தான். அது ஈரத்தை உறிஞ்சும். அதனால் நிறம் கறுத்திருந்தால் மாற்றிவிடுவது நல்லது.

4. ரிவர்ஸ் போடுங்க

ஐடிலிங்கில், கிளட்ச்சை முழுசா மிதித்து ஐந்து வரை எண்ணிவிட்டு, மெதுவாக ரிவர்ஸ் போடுங்கள். பல வண்டிகளில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ ரிங் கிடையாது. அதனால் ‘கர்ர்ர்’ சத்தம் வந்தால், கிளட்ச் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஃப்ளூயிட் சரியாக இருந்தும் இந்தச் சத்தம் வந்தால் பிரஷர் பிளேட், கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங் பக்கம் பார்க்க வேண்டும்.

5. எந்த கியர், எந்த நேரம்?

ஒரே ஒரு கியர் மட்டும், குறிப்பாக இரண்டாவது, முரண்டு பிடித்தால் அந்த கியரின் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கலாம். காலையில் டைட்டாக இருந்து, சில கிலோமீட்டர் ஓடியதும் சரியானால் கியர் ஆயில் பழசாகியிருக்கலாம், இல்லைன்னா தப்பான கிரேடாக இருக்கலாம். ‘திக்கா ஊத்தினா நல்லது’ என்று யார் சொன்னாலும் கேட்காதீங்க. ஓனர்ஸ் மேனுவலில் சொல்லியிருக்கும் கிரேடு மட்டும்தான். ஜிஎல்-4 கேட்கும் கியர்பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றினால், அதில் உள்ள சேர்மானங்கள் பித்தளை சிங்க்ரோ ரிங்கைப் பாதிக்கலாம்.

மெக்கானிக்கிடம் எப்படிச் சொல்வது?

‘கியர் டைட்டா இருக்குண்ணே’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘இன்ஜின் ஆஃப்ல ஈஸியா விழுது, ஆன் பண்ணா டைட். பம்ப் பண்ணா சரியாகுது’ என்று சொல்லுங்கள். அவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

இன்னொன்று: கியர்பாக்ஸை இறக்குவது வேறு, பிரிப்பது வேறு. கிளட்ச் செட் மாற்றவும் இறக்கித்தான் ஆக வேண்டும். ஆனால், பிரிக்கணும் என்று சொன்னால், ‘எந்த கியர்ல, என்ன பிரச்னைண்ணே?’ என்று கேளுங்கள். தெளிவான பதில் வந்த பிறகு பர்ஸைத் திறக்கலாம்!