இமை ஆபரேஷனா? மாத்திரையை மறைக்காதீங்க!

சென்னை நகரில் கண் இமையைச் சரிசெய்யும் ஆபரேஷன் செய்துகொள்ள நினைக்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தினமும் விழுங்கும் ஒரு சின்ன மாத்திரையை டாக்டரிடம் சொல்லாமல் மறைத்தால், அழகுக்காகப் போனவர் பார்வையையே பறிகொடுக்க நேரலாம்.

வயது ஏற ஏற மேல் இமைத் தோல் தளர்ந்து தொங்கும். கீழ் இமையில் கொழுப்பு பிதுங்கி, பை போல் தெரியும். தொங்கும் தோலை வெட்டித் தைப்பதும், பிதுங்கிய கொழுப்பை எடுப்பதும்தான் இந்த ஆபரேஷன். இதன் பெயர் பிளெபரோபிளாஸ்டி. மேல் இமை இரண்டுக்கும் சேர்த்து சுமார் ஒரு மணி நேரம் ஆகும். பெரும்பாலும் மரத்துப் போகும் ஊசி போட்டே செய்துவிடுகிறார்கள்.

"கண்ணிலே கத்தி படாதே, பிறகு என்ன பயம்?" என்று கேட்கலாம்.

பயம் ரத்தத்தால்தான்.

எலும்புக் குழி

கண் இருப்பது எலும்புக் குழிக்குள். வெட்டிய இடத்தில் ரத்தம் நிற்காமல் உள்ளே தேங்கினால், அது விரிய அங்கே இடம் கிடையாது. தேங்கிய ரத்தம் கண் நரம்பை நெரிக்கும். இப்படி நடப்பது அபூர்வம். ஆனால் நடந்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் பார்வை போய்விடும்.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

"அது சாதாரண மாத்திரை சார்!"

"வேறு என்ன மருந்து சாப்பிடறீங்க?" என்று டாக்டர் கேட்கும்போது, சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் சொல்வார்கள். மற்றதை "அது சாதாரண மாத்திரைதானே" என்று விட்டுவிடுவார்கள். விடக் கூடாது.

இதயத்துக்காகச் சாப்பிடும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாத்திரைகளைச் சொல்ல வேண்டும். முதுகு வலி, மூட்டு வலி என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் இபுபுரூபன், டைக்ளோபினாக் மாத்திரைகளையும் சொல்ல வேண்டும். மீன் எண்ணெய், வைட்டமின்-இ, பூண்டு மாத்திரை எதையும் விடக் கூடாது. லேகியம், சூரணம் சாப்பிடுகிறவர்கள் டப்பாவையே கையோடு கொண்டுபோய்க் காட்டுவது நல்லது.

அதற்காக, இதய மாத்திரையைத் தாமாகவே நிறுத்தினால் அதைவிடப் பெரிய வம்பு! ஸ்டென்ட் வைத்தவர் மாத்திரையை நிறுத்தினால் மாரடைப்பு வரலாம். நிறுத்தலாமா, எத்தனை நாள் நிறுத்தலாம் என்பதை இதய டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவர் "கூடாது" என்றால், அழகு ஆபரேஷனைத் தள்ளி வைப்பதே புத்திசாலித்தனம்.

கண்ணீர் சோதனை

முன்கூட்டியே கண்ணையும் சோதிக்க வேண்டும். கீழ் இமை ஓரத்தில் ஒரு சின்னக் காகிதப் பட்டையைச் செருகி, 5 நிமிடம் வைத்திருப்பார்கள். கண்ணீர் எத்தனை மில்லி மீட்டர் நனைக்கிறது என்று அளப்பார்கள். 10 மில்லி மீட்டருக்குக் குறைந்தால் கண்ணில் ஈரம் போதாது என்று சந்தேகம் வரும். அப்படிப்பட்டவருக்குத் தோலை அதிகம் வெட்டிவிட்டால் தூங்கும்போதும் இமை முழுசாக மூடாது. கண் காய்ந்து புண்ணாகிவிடும்.

தைராய்டு கோளாறு, கண்ணாடியைத் தவிர்க்கச் செய்துகொண்ட லேசர் சிகிச்சை ஆகியவற்றையும் மறைக்கக் கூடாது.

தோலா? தசையா?

இமை இறங்குவதெல்லாம் தோல் கோளாறு அல்ல. இமையைத் தூக்கும் தசை தளர்ந்திருந்தால் அதற்கு ஆபரேஷனே வேறு. காலையில் சரியாக இருந்து, சாயங்காலம் வேலை முடியும் நேரத்தில் இமை சரிகிறதா? அது தசைக் களைப்பு வியாதியாக இருக்கலாம். அதற்குக் கத்தி வேண்டாம், மருந்துதான் முதல் வைத்தியம். திடீரென்று ஒரு பக்க இமை விழுந்து, தலைவலியும் வந்து, எதிரே நிற்பவர் இரண்டாகத் தெரிந்தால் உடனே அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும்.

இமை பார்வையை மறைக்கிறது என்றால், 1819-ல் தொடங்கி, இப்போது எழும்பூரில் இருக்கும் அரசு கண் ஆஸ்பத்திரி போன்ற இடங்களில் முதலில் காட்டலாம். வெறும் அழகுக்கு என்றால் செலவு சொந்தக் கைப்பணம்தான். மருத்துவக் காப்பீடு தராது. அழகு நிலையத்தில் செய்கிற வேலை அல்ல இது. கண் டாக்டரோ பிளாஸ்டிக் சர்ஜனோ, இமை ஆபரேஷனில் பயிற்சி உள்ளவரா, மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கிறதா என்று கேட்பதில் தப்பே இல்லை.

கல்யாணத் தேதி

வீட்டில் கல்யாணம் வைத்துக்கொண்டு அதற்கு முந்தின வாரம் போகக் கூடாது. தையல் பிரிக்க 5 முதல் 7 நாள் ஆகும். வீக்கமும் கன்னிப்போன நிறமும் வடிய சுமார் 2 வாரம். ஒரு மாதமாவது இடைவெளி வேண்டும்.

சிகரெட் பிடிப்பவர்கள் சில வாரம் முன்பே விட வேண்டும். அன்றைக்குக் கண்மை கூடாது. சொந்த ஸ்கூட்டரில் போகாமல், துணைக்கு ஓர் ஆளைக் கூட்டிப் போக வேண்டும். திரும்பிய பிறகு தலையை உயர்த்திப் படுக்க வேண்டும். குனிந்து அரிசி மூட்டை தூக்குவது, குடம் சுமப்பது எல்லாம் டாக்டர் சொல்லும் வரை கிடையாது.

அன்று ராத்திரி கண்ணில் தாங்க முடியாத வலி வந்தாலோ, கண் பிதுங்கினாலோ, பார்வை மங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த நேரத்திலேயே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ராத்திரியில் யாரை, எந்த எண்ணில் கூப்பிடுவது என்பதை ஆபரேஷனுக்கு முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்வது அவசியம்.