‘ஃபேர்’னா செவப்பா?

‘ஷீ இஸ் ஃபேர்’னு சொன்னதும் நம்ம மண்டைக்குள்ள என்ன ஓடும்? ‘பொண்ணு நல்ல செவப்பு’! அதுவே, ‘எங்க மேடம் மார்க் போடறதுல ரொம்ப ஃபேர்’னா? பாரபட்சம் பார்க்காதவங்கன்னு அர்த்தம். வார்த்தை ஒண்ணு, மேட்டர் வேற!

இன்னும் இருக்கு. ஸ்கூல்ல ரஃப் நோட்டுல கிறுக்கிட்டு ஃபேர் நோட்டுல எழுதினோமே, அங்கே ‘ஃபேர்’னா அடித்தல் திருத்தல் இல்லாதது. ‘ஃபேர் வெதர்’னா மழை, புயல் இல்லாத வானிலை. அதனாலதான் பர்ஸ்ல காசு இருக்கறவரைக்கும் ஒட்டிக்கிட்டு, கஷ்டம்னு வந்தா எஸ்கேப் ஆகற பார்ட்டிக்கு ‘ஃபேர் வெதர் ஃப்ரெண்ட்’னு பேரு. ரேஷன் கடைக்கு இங்கிலீஷ்ல ‘ஃபேர் பிரைஸ் ஷாப்’. தமிழ்ல அழகா ‘நியாய விலைக் கடை’ன்னு சொல்றோம்.

உஷாரா இருக்க வேண்டிய இடமும் உண்டு. ‘எ ஃபேர் அமவுன்ட்’னா கணிசமான தொகை. ஆனா மதிப்பீட்டு ஃபார்ம்ல ‘எக்ஸலன்ட், குட், ஃபேர், புவர்’னு வரிசையா இருந்தா, அங்கே ‘ஃபேர்’ பாராட்டு இல்லை... ‘சுமார்’! ஹெச்.ஓ.டி. அதுல டிக் அடிச்சுட்டார்னு ட்ரீட் வெச்சுடாதீங்க.

‘புக் ஃபேர்’ இந்தக் குடும்பமே இல்லை. ஸ்பெல்லிங் ஒண்ணுதான், ஆனா அது விடுமுறை, திருவிழாவைக் குறிக்கிற லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர்ச்சொல். பஸ் ‘ஃபேர்’? அதுக்கு ஸ்பெல்லிங்கே வேற!

சரி, நம்ம ‘ஃபேரு’க்கு முதல்ல என்ன அர்த்தம்? பழைய ஆங்கிலத்துல ‘அழகான’. அவ்வளவுதான், கலர் கிடையாது. வெளிர் நிறம்தான் அழகுன்னு அந்த ஊர்ல நினைச்சதால, பின்னாடி நிறமும் அந்த வார்த்தைக்குள்ள புகுந்துடுச்சு. நியாயமும் பின்னாடி சேர்ந்ததுதான்.

இத்தனை அர்த்தம் இருந்தும், கல்யாண விளம்பரத்துல நாம தேடறது அந்த ஒண்ணை மட்டும்தான். 1975-ல் இந்தியாவுல அறிமுகமான ‘ஃபேர் அண்ட் லவ்லி’ க்ரீம், நிறவெறிக்கு எதிரா உலகமே குரல் கொடுத்த 2020-ல் ‘க்ளோ அண்ட் லவ்லி’ன்னு பேரை மாத்திக்கிச்சு. ட்யூப்ல மாறிடுச்சு, நம்ம வாயில மாறிச்சா? ‘கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா’ன்னு இன்னமும் பாராட்டறோமே... அந்த ‘இருந்தாலும்’ எதுக்கு?

கேட்கறவங்களுக்கு வலிக்கும் ஃப்ரெண்ட்ஸ். அது ஃபேரே இல்லை!