ஒரு நூல் வலப்பக்கம்

1984-இல் ஆப்பிள் மெக்கின்டாஷ் வெளிவந்தபோது, அதன் திரையில் தெரிந்த சிரித்த முகக் கணினி, வெடிகுண்டு முதலான சின்னங்களை வரைந்தவர் சூசன் கேர். கிராஃப் தாளில் கட்டங்களை நிரப்பிப் பார்த்துத்தான் வேலையைத் தொடங்கினார். ஒரு ஐகானுக்குக் குறுக்கே 32 புள்ளி, நெடுக்கே 32 புள்ளி. மொத்தம் 1,024. ஒவ்வொன்றும் கறுப்பு, இல்லையேல் வெள்ளை. அதற்குள் அடங்காத எதையும் அவர் விட்டுத்தான் ஆகவேண்டும்.

இன்றைய பவர்பாயின்ட்டில் அந்த நெருக்கடி இல்லை. நிழல் உண்டு, பளபளப்பு உண்டு, முப்பரிமாணமும் உண்டு. அலுவலக சிலைடுகள் பலவும் கண்ணை உறுத்த இதுவே காரணம் என்பேன். யோசனை என்றால் பல்பு, ஒப்பந்தம் என்றால் கைகுலுக்கல், இலக்கு என்றால் அம்பு தைத்த வட்டம். போதாததற்கு ஒன்று மெல்லிய கோட்டில், இன்னொன்று கெட்டி நிறத்தில், மூன்றாவது ஏழு வண்ணத்தில். ஆளுக்கொரு இணையதளத்திலிருந்து அள்ளி வந்தவை என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

சொந்தமாகச் செய்துகொள்ளத் தனி மென்பொருள் வேண்டாம். பவர்பாயின்ட்டின் ‘மெர்ஜ் ஷேப்ஸ்’ போதும். இரண்டு வடிவங்களை ஒட்டவும், ஒன்றால் மற்றொன்றை வெட்டவும் தெரிந்த கருவி அது. முகப்புக்குத் திரும்பும் வீட்டுச் சின்னம் வேண்டுமா? சதுரத்தின் மேல் முக்கோணத்தை வைத்து ‘யூனியன்’ கொடுங்கள். கதவுக்கு ஒரு சின்னச் செவ்வகம். முதலில் வீட்டையும் அடுத்துக் கதவையும் தேர்ந்தெடுத்து ‘சப்ட்ராக்ட்’. வரிசை முக்கியம்; மாற்றிச் செய்தால் கதவிலிருந்து வீடு கழிக்கப்பட்டு மிச்சம் ஒன்றும் இருக்காது. கதவு இருக்குமிடத்தில் வெள்ளைச் செவ்வகத்தை ஒட்டி ஒப்பேற்றுபவர்கள் உண்டு. பின்னணி நிறம் மாறும் வரை அந்தக் குட்டு வெளிப்படாது.

கோட்டால் வரைந்த ஐகானில் வேறொரு சிக்கல். பெரிதாக வரைந்து பிறகு சுருக்கினால் வடிவம் சுருங்கும், கோட்டின் தடிமன் சுருங்காது. 3 பாயின்ட் கோடு 3 பாயின்ட்டாகவே நின்று உள்ளிருக்கும் இடத்தையெல்லாம் அடைத்துக்கொள்ளும். அதனால் பூதக்கண்ணாடியை வெறும் வட்டக் கோட்டால் வரையாமல், வளைய வடிவத்தை எடுத்துக் கைப்பிடியை ஒட்டி ஒரே உருவாக்கிவிடுவது நல்லது.

இனி கண் சமாச்சாரம். வட்டத்துக்குள் முக்கோணம் வைத்து ‘ப்ளே’ பட்டன் செய்கிறீர்கள். ‘அலைன் சென்டர்’ அழுத்தினால் கணக்குப்படி நட்டநடுவில் உட்காரும். ஆனால் பார்த்தால் இடப்பக்கம் ஒதுங்கினதுபோல் தோன்றும். மென்பொருள் முக்கோணத்தைச் சுற்றியுள்ள கண்ணுக்குத் தெரியாத பெட்டியின் நடுவை எடுத்துக்கொள்கிறது. முக்கோணத்தின் கனமோ அடிப்பக்கத்தில் இருக்கிறது. அதன் மையப்புள்ளி அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கில்தான் விழும். பாதிக்கும் மூன்றில் ஒன்றுக்கும் உள்ள வித்தியாசம் ஆறில் ஒன்று. முக்கோணம் 18 மி.மீ. அகலம் என்றால் 3 மி.மீ. வலப்பக்கம் தள்ள வேண்டும். ஆசாரி கணக்கில் ஏறக்குறைய ஒரு நூல்.

வட்டமும் சதுரமும் பக்கத்தில் பக்கத்தில் வந்தாலும் இதே கதை. ஒரே அகலத்தில் வைத்தால் வட்டம் சிறுத்துத் தெரியும். சதுரத்தின் பரப்பில் சுமார் 78 சதவீதம்தான் அதற்கு உண்டு. கூகுளின் மெட்டீரியல் வடிவமைப்பு விதிகளில், 24 அலகுப் பெட்டிக்குள் சதுரத்துக்கு 18, வட்டத்துக்கு 20 என்று கொடுத்திருப்பது இதற்காகத்தான்.

ஐகான் தயாரானதும் அதைப் பட்டனாக்குவது ‘இன்சர்ட்’ மெனுவின் ‘ஆக்‌ஷன்’. இணைப்பை உருவத்துக்குக் கொடுங்கள், அதிலுள்ள எழுத்துக்குக் கொடுக்காதீர்கள். எழுத்துக்குக் கொடுத்தால் அடிக்கோடும் வேறு நிறமும் வந்து ஒட்டிக்கொள்ளும். சின்ன ஐகானைக் குறிபார்த்து அழுத்துவது சிரமம் என்பதால் அதன்மேல் பெரிய செவ்வகம் ஒன்றைக் கண்ணுக்குத் தெரியாமல் போர்த்தி, இணைப்பை அதற்குக் கொடுப்பது வழக்கம். இங்கே பலர் சறுக்குவார்கள். ‘நோ ஃபில்’ என்று வைத்தால் நடுவில் அழுத்துவது உறைக்காது. நிறம் நிரப்பி, அதன் ஒளி ஊடுருவலை 100 சதவீதமாக்கினால் செவ்வகம் முழுக்க வேலை செய்யும்.

எல்லா சிலைடிலும் வரவேண்டிய முகப்பு, பின், முன் பட்டன்களை ‘சிலைடு மாஸ்டர்’-இல் ஒருமுறை வைத்தால் போதும், ஒவ்வொன்றிலும் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டாம். கண்காட்சி அரங்கில் பார்வையாளரே இயக்கும்படி விடுவதானால் ‘கியாஸ்க்’ முறையைத் தேர்ந்தெடுக்கலாம். அதில் வெற்று இடத்தில் கிளிக் செய்தாலும் அம்புக்குறி விசையைத் தட்டினாலும் சிலைடு நகராது. பட்டன் மட்டுமே வழி. ஏதாவது ஒரு சிலைடில் பட்டன் விடுபட்டிருந்தால், அங்கே போய் மாட்டிக்கொண்டவருக்கு எஸ்கேப் விசைதான் கதி.