வீடும் அடிமனையும்: கிரயம் பற்றிய சில கேள்விகளும் விடைகளும்

திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் காவிரிப் பாசன கிராமங்களிலுள்ள நிலச்சொந்தக்காரர் பலர், பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டோ, முதுமைக் காலத்தை அரங்கன் சந்நிதிக்கு அருகில் கழிக்கும் விருப்பத்தினாலோ, நிலத்தில் ஒரு பகுதியை விற்று ஸ்ரீரங்கத்திலோ திருச்சி நகரத்திலோ வீடு வாங்குவது வழக்கம். நன்செய் வாங்குவதில் நல்ல அநுபவமுள்ளவர்களும் வீடு வாங்கும்போது தவறுவதுண்டு. சுவரையும் கூரையையும் கிணற்றையும் பார்த்துத் திருப்தியடைந்து, அவை நிற்கும் மனை யாருடையது என்று விசாரியாமல் விடுவதே இதற்குப் பெரும்பாலும் காரணமாகும். ஆகையால் கிரய விஷயமாக அடிக்கடி எழும் கேள்விகளுக்குரிய விடைகள் கீழே தரப்படுகின்றன.

1. பத்திரம் ரிஜிஸ்தர் ஆகிவிட்டால் சொத்து நிச்சயமாகச் சொந்தமாகுமா?

நூறு ரூபாயும் அதற்கு மேலும் பெறும் ஸ்தாவர சொத்தின் கிரயம் ரிஜிஸ்தர் செய்த பத்திரத்தினால்தான் நிறைவேறும் என்பது 1882-ம் வருஷத்திய சொத்து மாற்றச் சட்டமும் 1908-ம் வருஷத்திய பத்திரப் பதிவுச் சட்டமும் விதிப்பதாகும். ஆயினும் விற்பவருக்கு எவ்வளவு பாத்தியதை உண்டோ அவ்வளவே வாங்குபவரைச் சேரும். சப்-ரிஜிஸ்திரார் பத்திரத்தைப் பதிவு செய்கிறாரேயன்றி, விற்பவரின் பாத்தியதைக்கு ஜாமீன் நிற்பதில்லை. 2025-ம் வருஷம் ஏப்ரல் மாதம் சுப்ரீம் கோர்ட்டு, தமிழ்நாட்டுப் பதிவு விதிகளில் 55-ஏ விதியின் ஒரு பகுதியைச் செல்லாதென்று தீர்த்தபோது, விற்பவரின் பாத்தியதையை விசாரித்து முடிவு செய்வது பதிவு அதிகாரியின் வேலையன்று என்பதைத் தெளிவாக்கிற்று. எனவே விசாரிக்கும் பொறுப்பு வாங்குபவரையே சார்ந்தது.

2. அடிமனை என்பது யாது?

ஒருவருடைய மனையில் மற்றொருவர் அநுமதி பெற்றோ குத்தகைக்கு எடுத்தோ வீடு கட்டிக்கொண்டால், கட்டடம் ஒருவருக்கும் அதன் கீழுள்ள நிலம் வேறொருவருக்கும் உரியதாகும். அந்நிலமே அடிமனை. ஸ்ரீரங்கத்தில் இது முக்கியமான விஷயம். அரங்கநாதர் கோயிலின் ஏழு பிராகாரங்களில் வெளிப் பிராகாரங்கள் வீடுகளும் கடைகளும் நிறைந்த தெருக்களாகும். கோயிலைச் சூழ்ந்த மனைகளின் உரிமை பற்றிக் கோயில் நிர்வாகத்திற்கும் குடியிருப்போருக்கும் நெடுங்காலமாக வழக்கு இருந்து வந்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களும் வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ இயலாமல் துன்புற்றதுண்டு.

சட்டத்தின் நிலை பின்வருமாறு. 1959-ம் வருஷத்திய இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-வது பிரிவின்படி, கோயிலுக்குரிய ஸ்தாவர சொத்தை விற்பதும், ஈடு வைப்பதும், ஐந்து வருஷத்திற்கு மேற்பட்ட குத்தகைக்கு விடுவதும் கமிஷனரின் அநுமதியின்றிச் செல்லா. பிறர் மனையில் வீடு கட்டியவர் அம்மனையைக் கிரயத்திற்குக் கேட்கும் உரிமையை 1921-ம் வருஷத்திய நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் அளித்திருந்தது. 1996-ல் செய்யப்பட்ட திருத்தம் சமய ஸ்தாபனங்களின் மனைகளை அச்சட்டத்தினின்று நீக்கிவிட்டது. மேலும் பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 22-ஏ பிரிவு 2016 அக்டோபர் 20 முதல் அமுலுக்கு வந்தது. அதன்படி உரிய அநுமதி இல்லாவிடில் கோயில் நிலத்தைப் பற்றிய கிரயத்தைப் பதிவு செய்ய மறுக்க வேண்டும்.

ஆகவே முந்திய பத்திரத்தில் ‘மனையும் கட்டடமும்’ என்றிருக்கிறதா, ‘கட்டடம் மட்டும்’ என்றிருக்கிறதா என்பதை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். மனை வாடகை செலுத்திய ரசீது ஏதேனும் வீட்டில் உண்டா என்று கேட்க வேண்டும். வீட்டு வரி ரசீது கட்டடத்திற்கு வரி செலுத்தியதைக் காட்டுமேயன்றி, மனையின் உரிமையைக் காட்டாது.

3. கிராமத்து நிலங்களுக்கு இத்தொல்லை உண்டா?

உண்டு. 2022-ம் வருஷம் செப்டம்பரில் திருச்சிக்கு மேற்கேயுள்ள திருச்செந்துறையில், ஒரு விவசாயி தமது நிலத்தை விற்கச் சென்றபோது, அந்நிலம் தனக்குரியதென்று வக்பு வாரியம் பதிவு இலாகாவுக்கு எழுதியிருப்பதாகவும், வாரியத்தின் ஆட்சேபணையின்மைக் கடிதம் வேண்டுமென்றும் அவருக்குச் சொல்லப்பட்டது. கிராமத்தின் மற்ற நிலங்களுக்கும் அதே நிலையென்று தெரியவர, ஊரார் முறையிட்டனர்; அதிகாரிகள் கூடிப் பேசியபின் பத்திரங்களைப் பழையபடி பதிவு செய்ய வழி செய்யப்பட்டது. உரிமை எப்பக்கத்தது என்பது வேறு விஷயம். விலை பேசி முன்பணம் வாங்கிய பிறகு இத்தகைய தடை வெளிப்படின் இரு தரத்தாருக்கும் நஷ்டமே. ஆகையால் விற்பவரும் பேரம் பேசுமுன் சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் தம் சர்வே நம்பருக்குத் தடை ஏதேனும் உண்டா என்று கேட்டறிவது நலம். பழைய இனாம் கிராமங்களில் இது பின்னும் அவசியம்.

4. வில்லங்கச் சான்றும் பட்டாவும் போதாவா?

இரண்டும் வேண்டும், இரண்டும் போதா. ரிஜிஸ்தரான தஸ்தாவேஜுகளை மட்டுமே வில்லங்கச் சான்று காட்டும். பதிவு செய்யாத உயில், வாய்மொழியான பாகப்பிரிவினை, வரிப் பாக்கி முதலியவை அதில் தோன்றா. பட்டா, சர்க்காருக்கு யார் தீர்வை செலுத்த வேண்டும் என்பதைக் காட்டும் வருவாய்க் கணக்காகும். பாத்தியதைக்கு அது துணைச் சாட்சியமேயன்றி முடிவான ஆதாரமன்று. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பெயர் மாறியும் விஸ்தீரணம் குறைந்தும் ஏற்பட்ட பிழைகள் பல கிராமங்களில் இன்னும் காணப்படுகின்றன. எனவே இன்றைய பட்டாவை அத்திட்டத்திற்கு முந்திய ‘அ’ பதிவேட்டுடனும், தாய்ப்பத்திரம் முதல் தொடர்ந்து வரும் பத்திரங்களுடனும் ஒத்துப் பார்க்க வேண்டும். நான்கெல்லையையும் அளவையும் நேரில் சரிபார்த்தல் அவசியம்.

5. யார் யார் கையெழுத்திட வேண்டும்?

பூர்விகச் சொத்தாயின் பங்குடையோர் அனைவரும் கையெழுத்திடுவதே பத்திரமான வழி. 2005 செப்டம்பர் 9 முதல் மகளும் மகனைப்போலவே பிறப்பினால் பங்குடையவள். அத்தேதியில் தகப்பனார் உயிரோடிருந்திருக்க வேண்டுமென்பதில்லை என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாக முடிந்த பாகப்பிரிவினைகளையும் விற்பனைகளையும் இது பாதியாது. கல்யாணமாகிப் போன பெண்ணுக்குப் பங்கில்லை என்று ஊரார் சொல்வதை நம்பி வாங்குபவர் பின்னர் கோர்ட்டுப் படியேற நேரிடும்.

மைனரின் தனிச் சொத்தைக் கார்டியன் விற்பதற்குக் கோர்ட்டின் முன் அநுமதி தேவை. அநுமதியின்றி விற்றால், மைனர் வயதடைந்து மூன்று வருஷத்திற்குள் அக்கிரயத்தை ரத்து செய்யக் கோரலாம்.

பவர் பத்திரமும் ஒப்பந்தமும் மட்டும் பெற்றுக்கொண்டு பணம் செலுத்துவது கிரயமாகாது என்று 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு உறுதியாகக் கூறியுள்ளது. ஏஜெண்டு மூலம் வாங்குவோர், பவர் கொடுத்தவர் உயிரோடிருப்பதையும் பவர் ரத்தாகாமலிருப்பதையும் கிரயத்தன்றே அறிந்துகொள்ள வேண்டும்.

6. முன்பணம், செலவு, காலம் எவ்வாறு?

கிரய ஒப்பந்தம் சொத்தில் பாத்தியதை எதையும் உண்டாக்காது. கிரயத்தை நிறைவேற்றித் தரும்படி கேட்கும் உரிமையையே தரும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் ஒப்பந்தமும் ரிஜிஸ்தர் செய்யப்பட வேண்டும். பாத்தியதையில் குறை காணப்பட்டால் முன்பணம் முழுவதையும் இத்தனை நாளில் திருப்பித் தரவேண்டும் என்ற ஷரத்தை அதில் எழுதுவது அவசியம். கிரயத்திற்கு முத்திரைத் தீர்வை நூற்றுக்கு ஏழும், 2023 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணம் நூற்றுக்கு இரண்டும் விதிக்கப்பட்டன. பத்திரம் எழுதிக் கையெழுத்தான நாளிலிருந்து நான்கு மாதத்திற்குள் பதிவுக்குக் கொடுக்க வேண்டும்.

7. விற்பவருக்கும் கிராம அதிகாரிகளுக்கும் உரிய கடமை என்ன?

வாங்குபவர் தாமாகக் கண்டறிய முடியாத குறை ஏதேனும் சொத்திலோ பாத்தியதையிலோ இருப்பது விற்பவருக்குத் தெரிந்தால், அதை வெளியிடுவது சட்டப்படி அவர் கடமை. கிரய நாள் வரைக்குமுள்ள தீர்வையும் வரியும் அவரைச் சேர்ந்தவை. கிராம நிர்வாக அலுவலர்கள் தம்மிடம் விசாரிக்க வருவோருக்குப் பட்டாதாரின் பெயரோடு நிறுத்திக்கொள்ளாமல், பதிவேட்டில் தேவதாயம், இனாம், புறம்போக்கு என்ற குறிப்பு இருப்பின் அதையும் எடுத்துச் சொல்லுதல் பெரும் உபகாரமாகும்.

இறுதியாக, நிலத்தை விற்று வீடு வாங்க எண்ணுவோர் வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். முதலில் வீட்டின் பத்திரங்களைத் தேர்ந்த வக்கீலிடம் காட்டி, அடிமனையின் உரிமையைத் தீர விசாரித்து, அதன் பின்னரே நிலத்திற்கு விலை பேசுவது உசிதம். விற்ற நன்செய் அதே விலைக்குத் திரும்பி வருவதில்லை; வாங்கிய வீடோ, மனை பிறருடையதாயின், மகனுக்கு எழுதிவைக்கவும் உதவாமற் போகும்.