ஸ்பீக்கர் விட்டு விட்டுப் பேசுகிறதா?



2020இல் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது, கம்பியூட்டரிலும் போனிலும் பாடம் கேட்கும் வழக்கம் நமது லயங்களுக்கும் வந்து சேர்ந்தது. கம்பியூட்டரின் சத்தம் போதாமல், வயர் இல்லாத புளூடூத் ஸ்பீக்கர் வாங்கிய வீடுகளும் உண்டு. அந்த ஸ்பீக்கர் சில நாள் நன்றாகப் பேசும், சில நாள் விக்கும். வாத்தியார் கணக்குச் சொல்லித் தரும்போது நடுவில் உள்ள எண்ணை அது விழுங்கிவிட்டால், பிள்ளைக்கு அந்தக் கணக்கே போச்சு. உடனே "சாமான் பழுது, வேற வாங்கு" என்கிறோம். புது ஸ்பீக்கர் என்றால் நாலைந்து நாள் பேர் போய்விடும். காசைக் கொடுக்கும் முன் சில காரியங்களைச் செய்து பார்ப்போம்.

முதலில் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு, கம்பியூட்டரின் சொந்தச் சத்தத்திலேயே பாடத்தைக் கேளுங்க. அதிலும் வெட்டி வெட்டி வந்தால் ஸ்பீக்கர் மேல் பழி இல்லை. இணையம்தான் மெதுவாக வருகிறது. கம்பியூட்டரில் நன்றாகக் கேட்டு ஸ்பீக்கரில் மட்டும் வெட்டினால், அதே ஸ்பீக்கரைப் போனோடு இணைத்து, போனில் ஏற்கெனவே பதிந்து வைத்த பாட்டு ஒன்றைப் போடுங்க. போனில் சரியாகப் பாடினால் குறை கம்பியூட்டர் பக்கம். போனிலும் விக்கினால் ஸ்பீக்கரை நன்றாகச் சார்ஜ் ஏற்றி, போனைப் பக்கத்திலேயே வைத்து இன்னொரு தரம் பாருங்க. அப்படியும் விக்கினால்தான் ஸ்பீக்கரைச் சந்தேகிக்கலாம்.

இந்த விக்கல் ஏன் வருகிறது? புளூடூத்தும் வைபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசைப் பட்டையில்தான் ஓடுகின்றன. அந்தப் பட்டையைக் கொழுந்து மலை என்று வைத்துக்கொள்வோம். புளூடூத்துக்கு அதில் 79 நிரைகள். ஒரு நிரையில் நிற்காமல், ஒரு செக்கனுக்கு 1600 தடவை வரை நிரை மாறி மாறிச் சத்தத்தைத் துண்டு துண்டாக அனுப்புகிறது. அடுத்த வீட்டு வைபை ரவுட்டர் ஒன்று மட்டும் ஏறக்குறைய 20 நிரைகளைப் பிடித்துக்கொள்ளும். 2003இல் வந்த பதிப்பிலிருந்து, ஆள் நிற்கும் நிரையைப் பார்த்து விலகிப்போகும் புத்தி புளூடூத்துக்கு உண்டு. ஆனால் மூன்று ரவுட்டர்கள் மூன்று பக்கம் நின்றால் விலக இடம் ஏது? அனுப்பிய துண்டு போய்ச் சேராது. ஸ்பீக்கர் கையிருப்பில் வைத்திருக்கும் கொஞ்சச் சத்தமும் தீர்ந்ததும் சத்தம் அறும்.

லயத்தில் நடப்பது பெரும்பாலும் இதுதான். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். சாயங்காலம் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் வைபை ஓடும். காலையில் நன்றாகப் பாடிய ஸ்பீக்கர் இரவு ஏழு மணிக்கு விக்குகிறதென்றால் இதை நினைத்துக்கொள்ளுங்க.

இதே ஸ்பீக்கரை மட்டக்களப்புப் பக்கம் கொண்டுபோனால் கதை வேறு. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்தை விட்டு வடக்கு கிழக்கில் குடியேறிய சொந்தக்காரர்கள் நம்மில் பலருக்கு உண்டு. வாவிக்கும் கடலுக்கும் நடுவே, கல்முனை வீதியில் இருக்கும் தேற்றாத்தீவை எடுத்துக்கொள்வோம். அங்கே மணல் வளவு, திறந்த வெளி. வீட்டுக்குள் கம்பியூட்டரை வைத்துவிட்டு ஸ்பீக்கரை முற்றத்துத் தென்னையடியில் வைத்தால், பக்கத்தில் ரவுட்டரே இல்லாவிட்டாலும் சத்தம் வெட்டும். காரணம் நம்ம உடம்பு! உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீர் இந்த அலையைக் குடித்துவிடும். சின்னக் காம்பராவில் ஒரு ஆள் குறுக்கே நின்றாலும் அலை சுவரில் பட்டுத் திரும்பி எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும். முற்றத்தில் பட்டுத் திரும்பச் சுவர் கிடையாது. இருவர் குறுக்கே கதிரை போட்டு உட்கார்ந்தால் போதும். ஆகவே திறந்த வெளியில் ஸ்பீக்கரைத் தரையில் வைக்காமல் ஸ்டூல் மேல் உயர்த்தி வைக்க வேண்டும். கம்பியூட்டரும் வாசலில், நேருக்கு நேராகத் தெரியும் இடத்தில் இருக்கட்டும். சாதாரண ஸ்பீக்கருக்குப் பத்து மீற்றர், அதாவது முப்பது அடி என்று எழுதியிருப்பார்கள். அது குறுக்கே ஒன்றும் இல்லாதபோது உள்ள கணக்கு. இரும்பு அலுமாரி ஒன்று நடுவில் இருந்தால் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம்.

இனிக் கம்பியூட்டர் பக்கம். லெப்டொப்களில் வைபைக்கும் புளூடூத்துக்கும் அநேகமாக ஒரே சின்ன அட்டைதான் வேலை செய்கிறது. போனில் ஹொட்ஸ்பொட் போட்டு வைபையில் பாடத்தை இழுத்து, அதையே புளூடூத்தில் ஸ்பீக்கருக்கு அனுப்பினால் அந்த அட்டைக்கு இரட்டை வேலை. இதற்கு நல்ல பரிகாரம், போனைச் சார்ஜ் வயரால் கம்பியூட்டரில் செருகி, போனின் செட்டிங்ஸில் யூஎஸ்பி டெதரிங் என்பதைப் போடுவது. இணையம் வயர் வழியே வரும், புளூடூத்துக்கு வழி விடும். (சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு வயரில் இது நடக்காது.) ரவுட்டர் வைத்திருப்பவர்கள் அதில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் அதற்கு மாறிக்கொள்ளலாம்.

நீல நிற யூஎஸ்பி துளையில் ஹாட் டிஸ்க் செருகியிருந்தால் கழற்றிப் பாருங்க. யூஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் எழும்பும் என்று இன்டெல் கம்பெனியே 2012இல் எழுதியிருக்கிறது. மேசைக் கம்பியூட்டரின் முதுகில் சின்ன புளூடூத் குச்சியைச் செருகியவர்களுக்கு வேறொரு தொல்லை. முன்னால் முழு இரும்புப் பெட்டி மறைக்கும். முன்பக்கத் துளையிலோ, நீட்டு வயர் போட்டோ அதை வெளியே கொண்டுவர வேண்டும்.

வெட்டாமல், ஆனால் குடத்துக்குள் இருந்து பேசுவது போலச் சத்தம் வந்தால் அது வேறு சங்கதி. ஸ்பீக்கரில் உள்ள மைக்கைக் கம்பியூட்டர் பிடித்துக்கொண்டது. பாடம் ஓடும் திரையில் மைக் என்ற இடத்தில் கம்பியூட்டரின் சொந்த மைக்கைத் தெரிவு செய்தால் தெளிந்துவிடும்.

எதுவும் சரிவரவில்லையா? ஸ்பீக்கரின் பின்னால் சின்ன வட்டத் துளை இருக்கிறதா என்று பாருங்க. இருந்தால் இரண்டு பக்கமும் 3.5 மில்லிமீற்றர் முள் உள்ள வயர் ஒன்றைக் கடையில் கேட்டு வாங்கி, கம்பியூட்டரோடு நேரே செருகிவிடலாம். புது ஸ்பீக்கரின் விலையோடு பார்த்தால் அது சொற்பக் காசு. கரண்டிகாலமுள்ள ஸ்பீக்கர் என்றால் திறந்து நோண்டாமல், பில்லோடு வாங்கின கடைக்கே கொண்டுபோங்க.