கடிக்கிற காவல் நாயைத் திருத்த முடியுமா?

படப்பை, ஒரகடம் பக்கம் இப்போது வயலை ஒட்டியே கம்பெனி ஆட்களின் வாடகை வீடுகள். நைட் ஷிப்ட் முடிந்து விடியற்காலையில் வருகிறவர்களைத் தோட்டத்து நாய் கடித்தால் தெருச் சண்டை, போலீஸ், கடைசியில் நாய்க்கு விஷச் சோறு. விஷம் வைப்பது குற்றம். தூரத்து ஏரிக்கரையில் விட்டுவந்தால் அது அந்த ஊர்க்காரரைக் கடிக்கும்.

நான் பயிருக்கு மருந்து சொல்கிறவன். நாய்க்குக் கால்நடை மருத்துவர்தான். முதலில் அவரிடம் காட்டுங்கள். காதில் சீழ், உண்ணி, ஆறாத புண் என்று வலியிருந்தால் சாதுவான நாயும் கடிக்கும். திடீரென்று குணம் மாறி, எச்சில் ஒழுக்கி, விழுங்க முடியாமல் தவித்தால் கிட்டே போகாதீர்கள். வெறிநோயாக இருக்கலாம், உடனே மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

மற்றபடி, பாய்கிற நாய்க்குப் பெரும்பாலும் பயம்தான். நாள் முழுக்கச் சங்கிலியில் கிடந்தால் அது முற்றும். அடித்தால் இன்னும் கூடும். மருத்துவர் சொல்கிறபடி வாய்க்கூடு பழக்குங்கள். கன்றுக்குப் போடும் கயிற்றுக்கூடு ஆகாது. வாய் திறந்து மூச்சிரைக்க இடமுள்ள கூடை வேண்டும். கயிற்றில் பிடித்து, ஆள் தெரிந்தாலும் குரைக்காத தூரத்தில் நிறுத்துங்கள். ஆள் தெரிந்ததும் அவித்த முட்டையில் ஒரு துண்டு. தினம் பத்து நிமிடம் போதும். தூரத்தை மெல்லக் குறையுங்கள், மாதக்கணக்கில் ஆகலாம். மசியாவிட்டால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். திருந்திய நாயிடமும் குழந்தைகளைத் தனியே விடாதீர்கள்.

யாரையாவது கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் சரி.